கண்ணாடி வீட்டுப் பனையும் கையளவு கல்லுப்பும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு இருக்கும். ஆறுமுகநேரியில் சொந்தமாக உப்பளம் வைத்திருப்பவன் அடுத்தவன் உப்பைத் தொடலாமா? (கௌரவப் பிரச்சினை!) அந்தக் கௌரவம்தான் இங்கிலாந்தில் என் மகளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

மகள் ஜெபா அங்கே ஒரு பழைய பிரபு மாளிகையின் தோட்டத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். போன வருஷம் நானும் என் மனைவி செல்வியும் அவளைப் பார்க்கப் போனோம்.

"எப்பா, வேலையை நிரந்தரமாக்கணுமா வேண்டாமான்னு இந்த வாரம்தான் முடிவு பண்ணுதாவ. எதையும் தொட்டுராதீய" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன்.

உள்ளே போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா! செடியைக் கத்தரித்தே மயில் செய்திருந்தார்கள். மதில் நெடுக ரோஜா. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. (எங்கள் உப்பளத்தில் பச்சையாக இருப்பது என் மொபெட் ஒன்றுதான்.) ஓடி ஓடிப் பார்த்தேன். செல்வி பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள்.

கடைசியில் ஒரு கண்ணாடி வீடு. உள்ளே நம் ஊர்ப் புழுக்கம். நடுவில், பெரிய மரத்தொட்டியில் ஏதோ ஒரு பனை! சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனால் ஓலை நுனியெல்லாம் மஞ்சள். நம் ஊரில் தென்னை மஞ்சளித்தால் என்ன செய்வோம்? தூரில் உப்புப் போடுவோம்.

"ஏளா செல்வி, பாவம் வாடி நிக்கி. ஒரு கை உப்புப் போட்டா கும்முனு வந்துரும்!"

"ஏங்க, சும்மா இருக்க மாட்டீயளா?" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பொட்டலம் காலி.

அந்த நேரம் பார்த்து ஜெபாவும் தலைமைத் தோட்டக்காரரும் உள்ளே வந்தார்கள். அவர் குனிந்து தூரில் கிடந்த ஓர் உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஏற்கெனவே வெள்ளைக்காரர், இன்னும் வெளுத்துப்போனார். நூறு வயதுத் தொட்டி மரமாம் அது. யார் போட்டது என்று கேட்டார். காலிப் பொட்டலத்தோடு கையைத் தூக்கினேன்.

ஜெபாவின் கண் கலங்கிவிட்டது. அவள் வேலையை நானே தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் அவள் சட்டென்று சட்டைக் கையை மடித்துவிட்டாள். "எப்பா, முழிச்சிட்டு நிக்காதீய. மேல்மண்ணை அள்ளுங்க!"

அள்ளினேன். அவள் குழாய் பிடித்து, தொட்டியின் அடியில் நல்ல தண்ணீர் ஓடும்வரை அலசினாள். தோட்டம் மூடும்வரை தலைமைத் தோட்டக்காரரும் எங்களோடு மண் சுமந்தார்.

பனை பிழைத்துக்கொண்டது. அந்த வாரமே வேலை நிரந்தரமான கடிதமும் வந்தது. அடியில் அவர் கைப்பட ஒரு வரி: 'அப்பா மறுபடி வரலாம், சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு.'

இன்றைக்கும் சாப்பாட்டில் கொஞ்சம் உப்புக் கேட்டால், செல்வி கரண்டியோடு நின்று, "உங்களுக்கா, மரத்துக்கா?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் வீடியோ காலில் இருந்து ஜெபாவின் குரல் வருகிறது: "எம்மா, பையைத் தடவிப் பாத்துட்டுக் குடு!"