பின்சீட்டில் எழுதிய மன்னிப்பு

பின்சீட்டில் கிடந்த போன் 'டிங்' என்றது. டாக்சிக்காரரின் உயிர் ஒரு நிமிடம் அங்கே போய்விட்டுத் திரும்பியது.

ஓட்டும்போது போனைத் தொட்டு இரண்டு முறை மாட்டியாயிற்று. இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸ் பறிபோகும். அதனால்தான் கைக்கு எட்டாத தூரத்தில் அதைப் போட்டு வைத்திருந்தார். ஆனால் இன்று பார்த்து மனைவிக்குப் புது வேலையில் முதல் நாள். "சும்மா பக்கத்துல உக்காந்து பாக்கச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர்தான் எழுந்து வழியனுப்புவதாகச் சத்தியம் செய்தார். அவள் கிளம்பியபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வீட்டுக்காரம்மாவான்னு கொஞ்சம் பாருங்க."

பின்சீட்டில் இருந்த வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "'தூக்கம் நல்லா இருந்துச்சா?'ன்னு கேக்கறாங்க."

"குத்திக் காட்டறா சார்! 'தப்பு என் பேர்லதான், மன்னிச்சிடு'ன்னு போடுங்க."

வக்கீல் பதறிவிட்டார். "எழுத்துல குத்தத்தை ஒத்துக்கறதா? நான் பாத்துக்கறேன், விடுங்க."

அனுப்பிவிட்டு உரக்கப் படித்தும் காட்டினார்: 'நடந்ததாகச் சொல்லப்படும் தூக்கம் குறித்து வருந்துகிறேன். இது ஒப்புதல் ஆகாது.'

பதில் உடனே வந்தது: 'கோர்ட்ல பாத்துக்கலாம்.'

ஓரங்கட்டிப் பேசலாமென்றால் வழி நெடுக வண்டி நிறுத்தத் தடை. வக்கீல் இறங்கிய இடத்திலேயே ஒரு கல்லூரிப் பெண் ஏறிக்கொண்டாள்.

"அம்மாடி, 'கோவிச்சுக்காத, உன் நெனப்பாவே இருக்கேன்'னு போடும்மா."

"இவ்வளவு மொட்டையாவா அங்கிள்?" என்றவள் ஒரு கூடை இதயமும் நாலு முத்தமும் சேர்த்து அனுப்பினாள். கல்யாணமானதிலிருந்து அவர் மனைவிக்கு அனுப்பிய அதிகபட்சச் சரசம், 'பால் வாங்கிட்டு வா.'

'இது யாருக்கு அனுப்ப வேண்டியது?' என்று பதில் வந்தது.

மூன்றாவதாக ஏறியவர் பல் டாக்டர்.

"டாக்டர், 'சாயந்தரம் நேர்ல பேசிக்கலாம், பயப்படாதே'ன்னு மட்டும் போடுங்க. வேற எதுவும் வேணாம்."

டாக்டர் சொன்னதைத்தான் அடித்தார். பழக்க தோஷத்தில் கடைசியில் ஒன்றைச் சேர்த்துவிட்டார்: 'கொஞ்சம்தான் வலிக்கும்.'

'எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.'

டாக்சிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இல்லாத வீட்டைச் சாவி போட்டுத் திறப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. டாக்டரை இறக்கிவிட்டு, வாகனம் நிறுத்துமிடத்துக்குள் வண்டியை விட்டார். இஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பின்சீட்டில் போய் உட்கார்ந்து போன் செய்தார்.

எடுத்தது ஓர் ஆண் குரல்.

"யாருய்யா நீ? அவகிட்ட குடு போனை!"

"குடுக்க முடியாதுண்ணே, நான் கண்டக்டர். டிரைவர் வரலைன்னு இன்னிக்கே அக்கா கையில பஸ்ஸைக் குடுத்துட்டாங்க. ஓட்டறப்போ போனைத் தொட மாட்டேன்னு அக்கா என்கிட்ட குடுத்தாங்க. எனக்கு டிக்கெட் குடுக்கவே நேரமில்ல, நீங்க தூங்கிப்போன கதையைக் கேட்ட முன்சீட்டுக்காரங்கதான் மெசேஜ் எல்லாம் போட்டாங்க."

"அப்போ அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னது?"

"முன்சீட்டு அத்தைண்ணே. அவங்க நிஜமாவே அங்கதான் போறாங்க. அக்கா காலையிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் போடச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: 'சாப்பிட்டாரான்னு கேளுங்க.'"