திரைக்கு அந்தப் பக்கம்

வெள்ளைத் துணியை நாலு மூலையும் இழுத்துச் சுவரில் ஆணியடித்து முடித்த பிறகுதான், பெண்கள் எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. கேட்டவள் ஆவுடையம்மாள். பதில் சொல்ல வேண்டியவர் அவள் புருஷன் முத்துமாலைப் பிள்ளை. அவர் வாயில் இன்னும் இரண்டு ஆணி மிச்சமிருந்ததால் உடனே பேச முடியவில்லை.

சேரன்மகாதேவியில் சொந்த வீட்டுக்குள்ளேயே பயாஸ்கோப்புக்கென்று ஓர் அறை ஏற்படுத்திய முதல் மனிதர் பிள்ளைதான். இரண்டாவது மனிதர் யாரும் இதுவரை முன்வரவில்லை. டெல்லி தர்பார் நடந்த மறுவருஷம், திருநெல்வேலியில் கூடாரம் போட்டுப் படம் காட்டிய ஒருவன் தொழிலே வேண்டாமென்று ஊருக்குக் கிளம்பினான். அவனுடைய கைப்பிடி யந்திரம், கார்பைடு விளக்கு, இரண்டு படச்சுருள் எல்லாவற்றையும் பிள்ளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அதற்காக நெல் அறை காலியானது. விதைநெல் மூட்டைகள் கூடத்துக்குக் குடிபோயின. ஜன்னலை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தார். வெளிச்சம் சிதறக் கூடாதென்று நாலு சுவருக்கும் கரியைக் குழைத்துப் பூசினார். பட்டப்பகலில் உள்ளே போனால் தன் கை தனக்குத் தெரியாது.

கல்யாணம் நடக்கப்போகிற வீட்டில் ஓர் அறை முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்த அன்று ஆவுடையம்மாள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் அவர்களுடைய ஒரே மகள் வடிவுக்கு. மாப்பிள்ளை, ஸ்ரீவைகுண்டம் நாறும்பூநாத பிள்ளையின் மகன் நெல்லையப்பன், தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பேச்செல்லாம் முடிந்து, தாம்பூலம் மாற்றுவது மட்டும் பாக்கி. அதற்குள் மாப்பிள்ளையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. அந்த யந்திரத்தில் கண்ணாடிப் படமும் மாட்டலாம். சொல்லி அனுப்பியதும் நாறும்பூநாத பிள்ளை மகனைப் படம் பிடித்து, கண்ணாடியிலேயே அச்செடுத்து அனுப்பிவைத்தார். எந்தப் பக்கத்தை விளக்கைப் பார்த்து மாட்ட வேண்டும் என்று தெரிவதற்காக மூலையில் ஒரு சிவப்புப் பொட்டும் ஒட்டியிருந்தார். என்ன அக்கறையான மனிதர் என்று பிள்ளை இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆம்பிளைகளோட ஒரே அறையில உக்காரணும்னா எங்க அக்கா வர மாட்டா. அவ வரலைன்னா ஒருத்தியும் வர மாட்டா" என்றாள் ஆவுடையம்மாள்.

பிள்ளை ஆணிகளைத் துப்பினார். அடித்த துணியைப் பிடுங்கி அறைக்கு நடுவில் குறுக்கே கட்டினார். யந்திரம் இருக்கிற பக்கம் ஆண்கள். திரைக்கு அந்தப் பக்கம், அடுக்களை வாசல் வழியாக வந்து, பெண்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. படம் மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்.

தெரியவில்லை. துணி கெட்டி. நனைத்தால் தெரியும் என்றார்கள். இரண்டு ஆட்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீசியடித்தார்கள். படம் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது, தண்ணீரும் அந்தப் பக்கமே போனது. அதை வடிக்கத் தரையில் வாய்க்கால் வெட்டினார் பிள்ளை. வாய்க்கால் கூடத்துக்குப் பாய்ந்தது. நாலாம் நாள் விதைநெல் மூட்டைகள் பச்சைப் பசேலென்று முளைவிட்டிருந்தன.

யந்திரம் சுற்றுவதற்குப் பாளையங்கோட்டையிலிருந்து சத்தியநேசன் வந்தார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராக விளக்குப் படம் காட்டிப் பிரசங்கம் செய்து பழகியவர். அதுதான் தொந்தரவு. வெள்ளோட்டத்தன்று திரையில் ரயில் வந்ததும் அவர் குரல் தானாக எழும்பியது. மரணமும் இப்படித்தான் மணியடிக்காமல் வரும், மனந்திரும்புங்கள் என்றார். முன்வரிசையில் விபூதி துலங்க உட்கார்ந்திருந்த பிள்ளையின் அண்ணன் அதிர்ந்துபோய் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பிள்ளை வாத்தியாரைத் தனியாக அழைத்தார்.

"வாத்தியாரே, நீரு கையால சுத்துனா போதும். நானா கேக்காம உம்ம வாயில இருந்து ஒரு வார்த்த வரப்பிடாது. சம்மதமா?"

சத்தியநேசன் சம்மதம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

படம் காட்டுகிற நாள் வந்தது. உறவெல்லாம் கூடிவிட்டது. ஆவுடையம்மாளின் அக்கா சுப்புலட்சுமி ஆழ்வார்திருநகரியிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தாள். கார்பைடு வாடையில் அடுப்பிலிருந்த பால் திரிந்துவிட்டது. அதைத் தவிர எல்லாம் நல்லபடியாகவே தொடங்கியது. முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரை தேநீர் குடித்தார். துரை இடது கையாலே குடிக்கிறாரே என்று அந்தப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். இந்தப் பக்கம் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்து மாப்பிள்ளை வந்தார். கோட்டு, தலைப்பாகை, முன்னால் மேஜை, கையில் பேனா, பாதி எழுதிய காகிதம். ஆண்கள் பக்கம் திருப்தியாகத் தலைகள் ஆடின. அந்தப் பக்கம் ஒரு பித்தளைத் தம்ளர் கீழே விழுந்து உருண்டது. சுப்புலட்சுமியின் குரல் கேட்டது.

"ஏட்டி ஆவுடை, மாப்பிள பீச்சாங்கையாலல்லா எழுதுதான்."

பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். பெண்கள் அலறி முகத்தை மூடியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை சந்தேகமில்லாமல் இடது கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வந்தார். வலது கை. திரும்பவும் போனார். இடது. மூன்றாவது தடவை ஈரத் துணி முகத்தில் ஒட்டிக்கொள்ள, அப்படியே நின்றுவிட்டார்.

"தாலிய எந்தக் கையால கட்டுவானாம்?" என்று கேட்டுவிட்டு சுப்புலட்சுமி வண்டியேறினாள். அவள் போனதும் மற்றவர்களும் போனார்கள்.

மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிட்டு வந்தீர்களே, எந்தக் கையால் சாப்பிட்டார் என்று ஆவுடையம்மாள் கேட்டாள். பிள்ளை யோசித்துப் பார்த்தார். மாப்பிள்ளை கும்பிட்டார், அதில் இரண்டு கையும் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்கத் தன் பயாஸ்கோப்பு அறையைப் பற்றித் தானே பேசிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது.

அவர் மனைவியை யந்திரப் பக்கம் அழைத்துவந்து மாப்பிள்ளையை மறுபடி காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அங்கன ஒரு கை, இங்கன ஒரு கை. நெசம் எது?"

பிள்ளைக்கு ஒரு யுக்தி தோன்றியது. கூடாரக்காரன் கடைசியில் காட்டுகிற, 'வந்தனம்' என்று எழுதிய கண்ணாடியை மாட்டச் சொன்னார். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து ஒழுங்காக இருந்தது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் புரண்டு கிடந்தது. அந்தப் பக்கம் தெரிவதெல்லாம் புரட்டு என்று ஆவுடையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு வந்தது அவளுக்கு.

அப்போது யந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு. "அண்ணாச்சி, ஒரு விஷயம்..."

"நான் கேட்டனா வே?"

கேட்கவில்லை என்று சத்தியநேசன் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆழ்வார்திருநகரி வண்டி ஸ்ரீவைகுண்டம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிற்கவும் வேண்டும். மாடு குடித்து முடிப்பதற்குள் சுப்புலட்சுமி சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள், சேரன்மகாதேவிப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் குறை சொல்கிறார்கள் என்று செய்தி திரும்பி வந்தது. சம்பந்தம் நின்றுபோகும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வடிவு சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நெல் முளைத்தபோது வராத வருத்தம் அன்றைக்குப் பிள்ளைக்கு வந்தது. தன் ஆசைக்கு ஓர் அறையைக் கறுப்பாக்கப் போய், பெற்ற மகளின் வாழ்க்கையையே இருட்டடித்துவிட்டோமே என்று தவித்தார்.

நாறும்பூநாத பிள்ளையே நேரில் வந்தார். சண்டை போடுவார் என்று எல்லாரும் பயந்திருந்தார்கள். அவரோ வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம்னு வந்துட்டா விட்டுருவோம் அண்ணாச்சி. எனக்கு வருத்தம் இல்ல" என்றார் மெதுவாக.

இவ்வளவு பெருந்தன்மையைப் பார்த்ததும் பிள்ளை வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார். அவரைப் போகவிடாமல் நிறுத்திவைத்து, அத்தனை உறவையும் திரும்ப வரவழைத்தார். ஆழ்வார்திருநகரிக்கும் வண்டி போனது. இந்தத் தடவை பெண்கள் யந்திரப் பக்கம் உட்காரட்டும், ஆண்கள் அந்தப் பக்கம் போகட்டும் என்றார். வாத்தியார் மட்டும் பெண்கள் பக்கம் பார்க்காமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விளக்கேற்றினார்.

பெண்கள் பார்த்தார்கள். வலது கை. சுப்புலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கலவரமாகிவிட்டது. ஆண்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளை இடது கைக்காரன் என்று கத்தினார்கள். பிரசங்கத்துக்குப் பயந்து முதல் காட்சிக்கு வராத பிள்ளையின் அண்ணன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினார். பெண்கள் வலது என்று சத்தியம் செய்தார்கள். ஒரே குடும்பத்தில் புருஷன் இடது, பெண்டாட்டி வலது. நாறும்பூநாத பிள்ளை மூலையில் நின்று முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி முகத்தைத் துடைத்தார்.

முத்துமாலைப் பிள்ளைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. திரையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தெறிந்தார். ஆணும் பெண்ணும் முகத்துக்கு முகம் பார்த்துத் திகைத்து நின்றார்கள். நடுவில், இடுப்பில் ஈரத் துணி சுற்றிக் கிடக்க, பிள்ளை கையை உயர்த்தினார்.

"நம்மூர்க் கோயில் அம்மைநாதர் மேல ஆணையாச் சொல்லுதேன். எம் மாப்பிளைக்குச் சோத்தாங்கைதான். இல்லைன்னு இனி எவன் சொன்னாலும் அவன் இந்த வீட்டுப் படி ஏறப்பிடாது."

அந்தச் சூட்டோடு தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே மாற்றிக்கொண்டார். சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்து, இத்தனை நாள் அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். சம்பந்தியின் கைகள் ஜில்லென்றிருந்தன. ஈரத் துணியைத் தொட்ட கை என்று பிள்ளை நினைத்துக்கொண்டார். நாறும்பூநாத பிள்ளை ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு, அவசர வேலை என்று வண்டியேறிவிட்டார். வடிவு அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பந்தியெல்லாம் முடிந்தபின் பிள்ளை கறுப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தார். சத்தியநேசன் கண்ணாடிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்கப் பிள்ளைக்கே பாவமாகிவிட்டது.

"வாத்தியாரே, நல்லபடியா முடிஞ்சுது. இனிமே நீரு தாராளமாப் பேசலாம். அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீரே, என்னது?"

சத்தியநேசன் மாப்பிள்ளையின் கண்ணாடியைக் கையில் எடுத்து, அந்தச் சிவப்புப் பொட்டை நகத்தால் பைய உரித்தெடுத்து, கண்ணாடியைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒட்டினார்.

"பொட்டு இங்கனதான் இருக்கணும் அண்ணாச்சி. நெல்லையப்பன் எங்கிட்ட மூணு வருசம் படிச்ச பய. அந்த இடது கையில நான் அடிக்காத அடி இல்ல, கடைசி வரைக்கும் அதுலதான் எழுதுனான்."