உஷ் மெக்கானிக்கும் இரட்டைக் கார்புரேட்டரும்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டையே வாய்மூட வைக்கக்கூடிய மனிதர் எழுபதுகளில் ஒருவர்தான் இருந்தார். உஷ் மெக்கானிக். சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே யார் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பார். ஜீப்பைக் காட்ட வந்த தாசில்தாரையே அப்படி அடக்கியவர். ரோட்டில் போன கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் இவரைப் பார்த்துப் பாட்டைப் பாதியில் விழுங்கினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அவரிடம் நான் மாட்டியது என் புத்திகெட்டதனத்தால். கூடுவாஞ்சேரியில் ரேஸ் பைத்தியம் பிடித்த ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தி, சைலன்சரையும் மாற்றியிருந்தார் மனிதர். அதற்கேற்ப இன்ஜினை டியூன் செய்ய மட்டும் மறந்துவிட்டார். நின்றால் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். மேடு ஏறினால் இருமும். மாமல்லபுரத்தில் டீச்சராக இருந்த என் மனைவி இரண்டாம் நாளே பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கொட்டகை ஸ்டூலில் தேய்ந்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லால் கடித்து, முனையை இன்ஜின் மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று திருப்புவார். பிறகு மற்றதை. இரண்டும் சம்பந்திகளைப் போல ஒத்தே போகாது. எப்போது முடியும் என்று கேட்டால், உஷ்.

ஆறாம் ஞாயிறு மனைவியே கிளம்பி வந்தாள். இன்ஜின் ஓடவில்லை, அவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பத்து நிமிடம் பொரிந்து தள்ளினாள். முதுகு அசையவில்லை. 'உஷ்' கூட இல்லை. சந்தேகப்பட்டவள், ஸ்பேனரை எடுத்துக் காலி டின்னில் ஓங்கித் தட்டினாள். நான் துள்ளினேன். அவர் திரும்பவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். "உங்களுக்குக் காது கேக்காதா?"

அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

"மூணு வருசமா கேக்கலம்மா. எவனாச்சும் பேசினா பதில் சொல்லணுமே, அதான் உஷ்ஷுன்றது. இஞ்சின் சத்தம் மட்டும் பல்லு வழியா வந்துகினு கீது. வெளிய சொல்லிடாதீங்க. செவிட்டு மெக்கானிக்குகிட்ட எவன் வண்டிய குடுப்பான்?"

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்று என் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யும்படி எனக்குக் கை காட்டினாள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கடித்தார். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது; பானெட் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் அலுங்கவில்லை. மூவரும் மாமல்லபுரம் வரை போய்வந்தோம். முன்சீட்டில் அவர், டாஷ்போர்டில் உள்ளங்கையைப் பதித்தபடி, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் பள்ளித் தலைமையாசிரியர் தன் காருக்கு நல்ல மெக்கானிக் யார் என்று என் மனைவியிடம் விசாரித்தார்.

"எங்க அண்ணன்கிட்ட விடுங்க சார்," என்றாள். "அவர் காது மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாது."