அக்காவின் எட்டணா டி.வி.

அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் புதுச் சாமானைப் பிரிக்காமல் நாள் கணக்கில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க ஒரு தனி மனசு வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேருக்கும் அந்த மனசு இருந்தது. எனக்கு மட்டும் ஆண்டவன் வைக்க மறந்துவிட்டான்.

எண்பதுகளின் நடுவில், திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் அப்படி ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. எங்களுக்கு இல்லை, மல்லிகா அக்காவின் கல்யாணச் சீர். மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டுக் காபியைக் குடித்தபடி, "நாங்க ஒண்ணும் கேக்கலைங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க. எங்க தெருவுலதான் எல்லார் வீட்டுலயும் டி.வி. வந்துருச்சு" என்றார். (ஒன்றுமே கேட்காமல் எல்லாவற்றையும் கேட்கும் வித்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.) அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கினார். அம்மா பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மண்டபத்தில் சீர் வரிசையில் வைக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த விஞ்ஞானி. மதராஸ் பொருட்காட்சியில், காசு போட்டால் ஆட விடும் வீடியோ கேம் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டிருந்தது. ஆளுயரப் பெட்டி, நடுவில் திரை, கீழே காசு போடும் துவாரம், முன்னால் நீண்ட வரிசை. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன், டி.வி.யில் மாட்டி ஆடும் சின்ன கேம் கருவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். (டி.வி. இல்லாதவனிடம்.) திரையில் இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தட்டி எதிராளிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அதை வைத்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் பெட்டியை நிறுத்தி, அப்பாவின் கடனை நானே அடைப்பதாகக் கணக்குப் போட்டேன்.

சார்ட் பேப்பரில் மூன்று கலரில் படம் வரைந்தேன். பழைய மின்கடிகாரத்தைப் பிரித்து ஒரு டைமர் செய்தேன். எட்டணா (அதுதான், ஐம்பது பைசா) விழுந்தால் டி.வி.க்குக் கரண்ட் போகும். இருபது நிமிஷத்தில் தானே நிற்கும். மரவேலையைப் பாலக்கரை அந்தோணி அண்ணனிடம் ஒப்படைத்தேன். சர்ச்சுகளுக்கு மேடையும் பெஞ்சும் செய்கிறவர். அவர் கை வேலை செய்யும் நேரத்தைவிட வாய் வேலை செய்யும் நேரம் அதிகம்.

"நான் செஞ்ச சாமான் இன்னிக்கு வரைக்கும் எதுவும் பிரிஞ்சு வந்ததில்ல தம்பி" என்றார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு மடையனைத் திருச்சி ஜில்லா பார்த்திருக்காது.

பெட்டி தயாரானதும் டி.வி.யை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் வீட்டில் எல்லாரும் திருவெள்ளறைப் பெருமாளுக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் எழுந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து, டி.வி.யை சைக்கிள் ரிக்ஷாவில் மடியில் வைத்துப் பாலக்கரைக்குக் கொண்டுபோனேன். சும்மா வைத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவதாக எண்ணம்.

பின்பக்கம் திறந்திருந்த பெட்டிக்குள் டி.வி.யை ஏற்றி, ஒயர் எல்லாம் கொடுத்து முடித்தேன். "அண்ணே, பசங்க தட்டுவாங்க. ஆடாம அசையாம இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் ஒரு சிநேகிதன் அகப்பட்டான். அவனிடம் என் எதிர்காலத்தை விளக்கிவிட்டு வர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியின் பின்பக்கம் முழுசாக மூடியிருந்தது. அந்தோணி அண்ணன் அதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பின்னாடி கதவு எங்க?"

"படத்துல கதவு இல்லையே."

படத்தைப் பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம் இருந்தது. பக்கவாட்டு இருந்தது. காசுத் துவாரம்கூடத் தனியாகப் பெரிசு பண்ணி வரையப்பட்டிருந்தது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் யோசிக்கவில்லை.

"கழட்டிருங்க அண்ணே."

"எதக் கழட்டறது? ஆணி அடிச்சிருந்தா பிடுங்கலாம். இது தேக்கு, மரக்குச்சி, வஜ்ரப் பசை. உளி வெச்சு அடிச்சா பலகை அசையாது, உள்ள டியூப்தான் வெடிக்கும். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு தம்பி. காத்து போக ஓட்டை போட்டிருக்கேன், கரண்ட் ஒயரும் ஏரியல் ஒயரும் வெளிய விட்டிருக்கேன். வேற என்ன வேணும்?"

எட்டணா போட்டேன். திரை எரிந்தது, புள்ளி ஓடியது. எல்லாம் நான் கனவு கண்டபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து, கொல்லையிலிருந்த செங்கற்களைப் பழைய பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி ஒட்டினேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பெட்டியின் மேல் தூசி தட்டினால் ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கி நானே தட்டினேன். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டி, "நல்ல வெயிட்டுங்க" என்றார்.

ஒரு காலையில் சம்பந்தியே வந்துவிட்டார். சமையல்காரர் விஷயம் பேசிவிட்டு எழுந்தவர், பெட்டியைத் தட்டினார்.

"பிரிச்சு ஒரு தடவ போட்டுப் பாத்துருவோமா? ரிப்பேர்னா இப்பவே கடைக்காரன்கிட்ட மாத்திக்கலாம் பாருங்க."

அப்பா கத்தரிக்கோல் எடுக்கப் போனார். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இப்ப ராகு காலம்."

"அது முடிஞ்சிருச்சே தம்பி."

"எமகண்டம்."

"டி.வி.க்குமா எமகண்டம்?" என்று அவர் சிரித்தார். ஆனால் மனசுக்குள் என்னவோ செய்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள் காட்டியில் தாள்கூடக் கிழிக்காதவன் எமகண்டம் பார்க்கிறான் என்றால் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் அக்கா பெட்டியின் ஓரத்தைப் பிரித்துக் கையை விட்டாள். ஒரு செங்கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேய் ரவி, அப்பா பிளாக் அண்ட் ஒயிட்தானே வாங்கினாரு? இது கலரா இருக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவால இன்னொண்ணு வாங்க முடியாதுடா. இதுக்கே கடன். அங்க ஏதாவது பேச்சு வந்து கல்யாணம் நின்னுச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு" என்றாள். என்னை நாலு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னுடன் பாலக்கரைக்கு வந்தாள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். எட்டணா வாங்கிப் போட்டு ஆடினாள். நின்றதும் இன்னொரு எட்டணா வாங்கினாள். பிறகு, "காசு விழற டிராயர் சாவி எங்க?" என்றாள். கொடுத்தேன். "இப்படியே மண்டபத்துக்கு வரட்டும். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொன்னாள். அப்பா என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றி, வேட்டியால் மூடி, காவிரிப் பாலம் நெடுக, ஸ்ரீரங்கத்து மண்டபம்வரை பின்னாலேயே நடந்தேன். வழியில் இரண்டு பேர் சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிரே வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் முகத்திலும் கல்யாணம் நிற்பது எனக்குத் தெரிந்தது. (அவர்கள் சும்மா வெயிலுக்குத்தான் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள்.)

சாயங்காலம் சீரை எல்லாரும் பார்க்க வேட்டியை எடுத்தார்கள். சம்பந்தி பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"டி.வி.தான் மாமா" என்று ஒரு குரல் கேட்டது. நிச்சயப் புடவையில் அக்கா எழுந்து வந்திருந்தாள். மாமனாரிடம் அவள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. "வீட்டுல ஏரியல் மாட்டினா நிகழ்ச்சி வரும். இப்போதைக்கு வெளையாட்டு வரும். எட்டணா போடுங்க."

மனுஷர் என்ன நினைத்தாரோ, இடுப்பிலிருந்து எட்டணா எடுத்துப் போட்டார். திரை எரிந்தது. அக்கா ஒரு குமிழைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் காட்டினாள். முதலில் கூச்சத்தோடு திருகினார். தோற்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருகினார். அப்படியும் தோற்றார். மண்டபமே சுற்றி நின்று அவருக்கு யோசனை சொன்னது. ஒரு வழியாக அவர் ஜெயிக்கப் போகிற நேரத்தில் திரை அணைந்தது.

"என்னாச்சு?"

"காசு தீந்துருச்சு மாமா."

அவர் இடுப்பைத் தடவினார். சட்டைப்பையைத் தடவினார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, எட்டணா இருந்தா குடுங்களேன்."

ஒன்றுமே கேட்காதவர் வாய்விட்டுக் கேட்டது அந்த எட்டணாவைத்தான். அப்பா எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து, "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று சம்பந்தி கேட்டார். அக்கா முந்தானை முடிச்சைக் காட்டினாள்.

அந்தப் பெட்டியைக் கடைசிவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு ஸ்ரீரங்கத்துத் தெருவே அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, படம் நிற்க நிற்க ஆளுக்கொரு எட்டணா போட்டது. மாமனாரும் போட்டார். அந்தக் காசில் அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்து வேலைக்குப் போனாள்.

கல்யாணத்தில் அப்பா சிரித்தாரே தவிர, என்னோடு பேச்சு இல்லை. மறுவீட்டு விருந்தில் அக்காதான், "அப்பா கையில எட்டணா வைடா, பேசுவாரு" என்றாள். வைத்தேன். அப்பா அதைப் பார்த்து, "போய் மோர் வாங்கிட்டு வா" என்றார். பேசிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் கையில் காசு வைப்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் என் மனைவி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. (வீட்டு மிக்ஸியை நான் பிரித்துவிட்டேன்.) எட்டணாவை இப்போது யாரும் வாங்குவதில்லை என்பதால் பத்து ரூபாய் நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைப் புடவையில் முடிந்துகொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருபது நிமிஷம்தான்" என்றாள்.