அம்மாவின் பக்கத்து சீட்

பிரியந்தி கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் பஸ்ஸில் அவளுடைய சீட்டில் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருந்தது.

கோலாலம்பூர் விமான நிலைய வெயில் முழுவதும் அந்தத் தலையில்தான் விழுந்து தெறித்தது. தலைக்குச் சொந்தக்காரரான பெரியவர், இஞ்சி டொபி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீரம்மாவோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். வீரம்மா பிரியந்தியின் அம்மா.

"ஐயா, அது என்னோட சீட்டு."

"அப்படியா புள்ள? ஒக்காந்துட்டேனே," என்றார் பெரியவர். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் உலகத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது போல இருந்தது அந்தக் குரல்.

"பெரியவங்கள எழுப்பாத பாப்பா. பின்னுக்குப் போய் ஒக்காரு," என்றாள் வீரம்மா.

பின்னுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வலப்பனையிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடிக்கு நடுவில். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க விரும்பியபோதெல்லாம் பிரியந்தி தலையைக் குனிய வேண்டியிருந்தது. நகரத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

சீட்டுக்காக அவள் அழவில்லை. அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் இந்தப் பயணமே. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, வீட்டோடு வீடு ஒட்டிய அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருவர் தும்மினால் ஏழாவது வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வந்துவிடும். அங்கே ரகசியம் பேச வேண்டுமானால் கடல் தாண்டத்தான் வேண்டும். ஹட்டனில் கடை வைத்திருக்கும் இன்சாப் நானா வருஷத்துக்கு நாலைந்து தடவை மலேசியாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், வங்கியில் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து தனக்கும் அம்மாவுக்கும் பெயர் பதிந்துவிட்டாள். எந்தப் பயணத்தில் போவது என்பதை மட்டும் அம்மா முடிவு செய்தாள்.

விஷயத்தின் பெயர் தர்ஷன். கட்டாரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அடுத்த மாதம் லீவில் வருகிறான். அதற்குள் பிரியந்தி தன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், அவன் தன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. இதில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்பதில் இருவருக்கும் தகராறு. "போன்ல குடும்பம் நடத்துறதுக்கா பொண்ணப் பெத்தேன்? வெளிநாட்டு மாப்பிள்ள வேணாம்," என்று வீரம்மா ஊருக்கே அறிவித்திருந்தாள். தர்ஷனின் அப்பாவோ தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். அவர் ஒருமுறை இருமினால் மெஷின்கள் தாமாகவே நின்றுவிடுமாம். அவரை அவள் பார்த்ததில்லை. தர்ஷன் காட்டிய ஒரே படத்தில் அவர் தொப்பி போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

இரவில் ஹோட்டலில் ஐந்து பெண்களுக்கு ஒரே அறை என்பதால் அங்கேயும் பேச வழியில்லை. மறுநாள் காலையில் பிரியந்தி இன்சாப்பைத் தனியாகப் பிடித்தாள்.

"நானா, அந்த மொட்ட ஐயாவ வேற சீட்டுக்கு மாத்துங்க. கொறட்ட விடுறாரு. அம்மாவுக்குத் தூக்கமே இல்ல."

"ஓ, அப்பிடியா தங்கச்சி. நான் பாக்கிறேன்," என்றார் இன்சாப். நல்ல மனுஷர். ஆனால் எந்த வேலையையும் மைக் இல்லாமல் செய்யத் தெரியாதவர். "கொறட்ட விடுற ஆக்கள் எல்லாரும் தயவுசெஞ்சி முன்னுக்கு வாங்க," என்று அறிவித்தார்.

ஒன்பது பேர் எழுந்தார்கள். அதில் ஒருவர் புதுப் பெண். மாப்பிள்ளையின் முகத்தில் அப்போதுதான் இல்லறத்தின் முழுப் பரப்பும் தெரிந்தது. மொட்டைத் தலை மட்டும் எழவில்லை. முன்னால் இடம் கொடுப்பதற்காக அவரையும் வீரம்மாவையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார் இன்சாப். பிரியந்திக்குக் கிடைத்தது ஒன்பது குறட்டைக்கும் நட்டநடுவில் ஓர் இடம். அன்று அந்த பஸ்ஸுக்கு இன்ஜின் தேவைப்படவில்லை என்றே சொல்லலாம்.

பத்துமலையில் நிலைமை மாறும் என்று நம்பினாள். வானத்தில் கொக்கி போட்டு மாட்டியது போன்ற படிகள்.

"ஐயா, ரொம்ப செங்குத்தா இருக்கு. நீங்க கீழேயே இருங்க. நானும் அம்மாவும் போய்க் கும்புட்டுட்டு வர்றோம்."

"எனக்கு முட்டி வலிக்குதுடி," என்றாள் வீரம்மா. "நான் கீழ இருக்கேன். நீ இந்த அண்ணனக் கூட்டிட்டுப் போ."

அண்ணனுக்கு முட்டி என்றே ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆயுசு முழுக்க மலையில் ஏறி இறங்கியவர். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். பிரியந்தி நாக்குத் தள்ளப் பின்னால் ஓடினாள். ஏறிக்கொண்டே கேள்வி வேறு.

"காலையில எப்ப எந்திரிப்ப புள்ள?"

இப்படி விசாரிக்கும் ஆளை ஒரேயடியாக வெறுக்க வைத்துவிட்டால் அம்மா பக்கமே வரமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"பசிக்கும்போது எந்திரிப்பேன்."

"சமைப்பியா?"

"சுடுதண்ணி வைப்பேன். அதுவும் அடிப்பிடிச்சிரும்."

"கோவம் வருமா?"

"வரும். கடிப்பேன்."

அப்போது ஒரு குரங்கு குதித்து அவர் சட்டைப் பையிலிருந்த டொபிப் பைக்கற்றைப் பறித்துக்கொண்டு ஓடியது. பிரியந்தி யோசிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோட்டத்துக்கே கேட்கும் குரலில் ஒரு அதட்டல் போட்டுத் துரத்தினாள். அந்தக் குரங்கு பைக்கற்றைத் திருப்பிக் கொடுத்ததோடு நில்லாமல், பழைய திருட்டில் எடுத்த ஒரு கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது.

பெரியவர் அவளை வெகுநேரம் பார்த்தார். "கடிக்கிறது உண்மதான் போல," என்றார். மேலே போய்க் கும்பிட்டவர் எதற்காகவோ சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

அடுத்து கேமரன் மலை. "இப்ப உங்களுக்கு ஒரு அருமையான காட்சி," என்று மைக்கில் பெருமையோடு சொன்னார் இன்சாப். பஸ் நின்றது. எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, தேயிலை.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

"நானா, இதுக்கா பாஸ்போட் எடுத்தோம்?" என்றார் ஒரு குறட்டைக்காரர்.

ஒருவரும் இறங்கவில்லை. விடுமுறை நாளிலும் வேலைக்குக் கூப்பிடும் தோட்ட மேற்பார்வைக் கண்டாக்கைப் பார்ப்பது போல இன்சாப்பைப் பார்த்தார்கள். மொட்டைத் தலை மட்டும், "நம்ம தேயிலத் தூளவிட மோசமா இருக்கான்னு குடிச்சுப் பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்தது. பிரியந்திக்கு மூளை மின்னியது.

"ஐயா, திரும்பி வர்றப்ப பஸ் மேல் கேட்டுல நிக்குமாம். அங்க வந்துருங்க."

சுத்தப் பொய். பஸ் கீழேயே நிற்கும். அவர் மேலே போய்க் காத்திருக்கும் நேரத்தில் அம்மாவிடம் தர்ஷனைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லி, அழுது, கண்ணையும் துடைத்துவிடலாம். அவள் சொல்லவேண்டிய முதல் வசனத்தை மனதுக்குள் சரிபார்த்துவிட்டுத் திரும்பினாள். அம்மா சீட் காலியாக இருந்தது.

"அம்மா எங்க?"

"மொட்ட அண்ணன் கூட எறங்கிருச்சே," என்றது புதுப் பெண்.

பனி மூட்டம் இறங்கியது. பஸ் ஹோர்ன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. இன்சாப் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளிடம்கூட விசாரித்தார். கடைசியில் பிரியந்தி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். இருவரும் மேல் கேட்டுக்கு ஓடினார்கள்.

அங்கே ஒரு பெஞ்சில் வீரம்மாவும் பெரியவரும் உட்கார்ந்து, ஒரே கோப்பைத் தேநீரை மாற்றி மாற்றிக் குடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அப்பா செத்த பிறகு அந்தச் சிரிப்பைப் பிரியந்தி பார்த்ததில்லை.

"யாரு ஐயா ஒங்கள இங்க வரச் சொன்னது?" என்று இன்சாப் வேண்டுமென்றே கேட்டார்.

பெரியவர் பிரியந்தியை ஒரு பார்வை பார்த்தார். "புள்ள சரியாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் வழி மாறிருச்சு," என்றார்.

கூச்சத்தில் பிரியந்திக்குக் காது சுட்டது. கூடவே எல்லாம் புரிந்தும் போனது. அம்மாவுக்கு இவரைப் பிடித்திருக்கிறது.

அன்று பின்னேரம் தர்ஷனைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்ல? அம்மாவுக்கே ஒரு எடம் அமைஞ்சிருக்கு."

"என்னது?"

"ஒரு மொட்ட ஐயா. நல்லவரு மாதிரிதான் தெரியுது. நீங்க ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவரு கோயில் கோயிலாப் போறேன்னு கெளம்புனவரு, போனே எடுக்கல."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, இன்சாப் எல்லோருக்கும் பிடித்து வைத்திருந்த ஹட்டன் பஸ் ஏறும்வரை பிரியந்தி யோசித்தாள். தான் கல்யாணமாகிப் போய்விட்டால் அம்மா அந்த லயத்தில் தனியாக என்ன செய்வாள் என்பதுதான் இத்தனை நாளும் அவளை அரித்த கவலை. அம்மாவுக்கு ஒரு துணை கிடைத்தால் குறுக்கே நிற்க இவள் யார்? கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஏறத் தொடங்கியதும் எழுந்து போய் இருவரின் சீட்டுக்கு முன்னால் நின்றாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு. பேரு தர்ஷன். கட்டார்ல இருக்காரு. நீங்க திட்டினாலும் அவரத்தான் கட்டுவேன்." மூச்சு வாங்கினாள். "அதே மாதிரி நீங்களும் யாருக்கும் பயப்பட வேணாம். ஐயாவும் நீங்களும் கல்யாணம் பண்ணிக்கங்க. எனக்கு முழு சம்மதம்."

ஒன்பது குறட்டையும் ஒரே நேரத்தில் நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வலப்பனை ஜோடி கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. வீரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பெரியவர் வாயிலிருந்த டொபியை முழுசாக விழுங்கிவிட்டு, மொட்டைத் தலை தக்காளியாகச் சிவக்க, நீயே சொல் என்பது போல இன்சாப்பின் பக்கம் கையை ஆட்டினார்.

இன்சாப் பெருமூச்சு விட்டார். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இவரு தர்ஷனோட அப்பா. நீங்க போன்ல பேசுனது லயத்துக்கே கேட்டிருச்சு, ஒங்களுக்காக ஒங்கம்மா மனச மாத்திக்கிட்டாங்க. அவங்களும் இவரும் பேசி வச்சி ஒங்களப் பொண்ணு பாக்கத்தான் வந்தாங்க. பத்துமலப் படியிலயே சரின்னு சொல்லிட்டாரு. டிக்கட்டத் திருப்பி எடுக்க மாட்டாங்கன்னுதான் மிச்சத்த சுத்திப் பாத்தோம்."