அண்டாவில் வெந்த பிளைவுட்

என் வீட்டு வாசலில் தெருவே கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அடுப்பில் நான் வேகவைத்துக்கொண்டிருந்தது பிளைவுட்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கு மூளை பிசகிவிட்டதாக நினைப்பீர்கள் (பரங்கிப்பேட்டையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்). மகள் நஸீமாவின் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போன என் மனைவி ஹமீதா, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் திரும்பவில்லை. சவூதியில் வேலை பார்த்தபோதாவது அறை முழுக்க ஆட்கள் குறட்டை விடுவார்கள். சொந்த ஊருக்கு வந்து, சொந்த வீட்டில், பேச ஆளில்லாமல் நியூஸ் வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேத்தி ஃபோனில் படகு வேண்டும் என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நோன்புப் பெருநாளைக்கு வாங்க. படகு செஞ்சு வெக்கிறேன், எல்லாரையும் ஏத்திக்கிட்டு வெள்ளாத்துல ரவுண்டு அடிக்கிறேன்" என்றுவிட்டேன். எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது. தச்சர் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

ஹமீதா ஃபோனைப் பிடுங்கினாள். "ஏங்க, நல்ல பலகையா பாத்து வாங்குங்க. தண்ணில பிஞ்சுக்கிட்டு வர்ற பலகைன்னா நாங்க ஊர்ப்பக்கமே வரமாட்டோம், சொல்லிட்டேன்."

ஆக, பலகை நல்லதாக அமைந்தால் குடும்பம் வரும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு பிளைவுட் கடையை விடவில்லை. எல்லோருமே தங்களுடையதுதான் தண்ணீர் தாங்கும் அசல் மெரைன் பிளை என்று சத்தியம் செய்தார்கள். சிதம்பரத்தில் ஒருவர்தான் வினையை ஆரம்பித்து வைத்தார். "பாய், மேல அடிச்சிருக்குற முத்திரைய நம்பாதீங்க. ஒரு துண்டு தர்றேன், வீட்ல கொதிக்க வெச்சுப் பாருங்க. பசை நல்லதா இருந்தா நாள் பூரா கொதிச்சாலும் அடுக்கு பிரியாது."

எல்லாக் கடைகளிலும் ஆளுக்கொரு துண்டு வாங்கினேன். கடைப்பெயரைப் பால்பாயிண்ட் பேனாவால் அதனதன் மேல் எழுதினேன் (அறிவாளி!). கேஸ் தீர்ந்துவிடுமே என்று கேட்டுக்குப் பக்கத்தில் கல்லடுப்பு மூட்டி, பெரிய அண்டாவை ஏற்றினேன். அது ரமலான் மாதம். நோன்பு நாளில் எங்கள் தெருவில் ஒரு அண்டா கொதித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பது எந்த மடையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டு யூசுப் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், பேத்தி பேர்ல நிய்யத்து, நேர்ச்சை ஏதாச்சுமா?"

"பேத்திக்காகத்தான்" என்றேன். பொய் இல்லையே!

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு ஒரு பெண் வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கேட் கொள்ளாத கூட்டம். நோன்பு திறக்கக் கஞ்சி வாங்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. "இது கஞ்சி இல்ல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் உள்ளே ஓடி, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டேன். "உக்காருங்க, உக்காருங்க, என்ன அவசரம்?" ஒருவரிடம் மூட்டுவலியை விசாரித்தேன், இன்னொருவரிடம் மருமகளை. "ஹமீதா எப்ப வருது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பெருநாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கெடுக்க மனசு வரவில்லை.

முதலில் வந்த மைமூன் பொறுமையிழந்து மூடியைத் தள்ளிக் கரண்டியை விட்டாள். "கறியெல்லாம் பெருசு பெருசா கெடக்கே மாமா!" தூக்கினால், வீச்சுப் பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரிந்து தொங்கியது.

"அல்லாவே, என்னா மாமா இது?"

"பிளைவுட்டும்மா."

யூசுப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்டாவை எட்டிப் பார்த்தான். "உப்பு போட்டியா மச்சான்?"

சிரித்து முடித்துவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். அங்கே கஞ்சி தீர்ந்துவிட்டிருந்தது. என் புண்ணியத்தில் பல வீடுகளில் அன்றைக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். கடைத்தெருவில் இருந்த சமோசாவையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, வீடு வீடாகத் தலைகுனிந்து கொடுத்தேன். திரும்பி வந்து அண்டாவைப் பார்த்தால், பிரியாத துண்டுகளும் இருந்தன. ஆனால் பேனா எழுத்து முழுக்கக் கரைந்துபோயிருந்தது. எது எந்தக் கடை என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மறுவாரம் புதுத் துண்டுகளில் பெயரைக் கத்தியால் கீறி மறுபடி கொதிக்க வைத்தேன். கேட்டை நன்றாகத் திறந்து வைத்தேன். நாற்காலிகளையும் போட்டேன். ஒரு ஈ காக்கா வரவில்லை.

நல்ல பலகை கிடைத்தது. தச்சர் படகையும் அருமையாகச் செய்து கொடுத்தார். மருமகனுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை, ஒருவரும் வரவில்லை. நாலைந்து பேருக்கென்று செய்த படகில் ஒருவன் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பெருநாளன்று எதிரே ஒரு அரிசி மூட்டையை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டேன். பலகைக்கு ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சொன்ன வாக்குப்படி வெள்ளாற்றில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்பினேன்.

தெருவில் எனக்கு 'பலகைக்கஞ்சி மாமா' என்று பெயர் நிலைத்துவிட்டது. யூசுப் உபயத்தில் கதை சென்னைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு ரமலானிலும் நஸீமா ஃபோன் செய்து, பின்னால் ஹமீதாவும் பேத்தியும் சிரிக்கச் சிரிக்கக் கேட்பாள்: "வாப்பா, பலகை வெந்துச்சா?"

"வெந்து ரொம்ப நாளாச்சும்மா" என்பேன். "நீங்க வந்தாத்தான் எறக்குவேன்."