ஊஞ்சல் பாட்டும் கன்னி மூலைப் பெட்டியும்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஆனந்தகிருஷ்ணனுக்கு சேஷன் அத்திம்பேர் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கும் உன் ஸ்டூடியோவுக்கும் பத்மநாபன் துணையிருக்கட்டும். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவேன். இந்தத் தடவை 'சௌக்கியம்' என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அக்காவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், குரல் திரும்பி வந்துவிட்டதும் போனிலேயே உனக்குத் தெரியும். தெரியாத பாதியை இதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் ஜெயா காதில் விழும். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். கூடவே ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பத்திரம்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கொஞ்சம் மாறலாம், அபூர்வமாகச் சிலருக்குப் பழைய குரல் வராமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? ஜெயா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஸ்ரீலக்ஷ்மி கல்யாணத்துக்கு ஊஞ்சல் பாட்டை இப்பவே பாடி வச்சுடறேன். குரல் போயிடுத்துன்னா அதைப் போடுங்கோ. என் பொண்ணு ஊஞ்சல்ல உட்காரும்போது வேற யாரோ பாடி நான் கேட்டுண்டு நிக்க மாட்டேன்" என்றாள். நானும் சரி என்றேன். போன ஓணத்துக்கு வந்தபோது நீ என் கம்ப்யூட்டரில் அந்த ரெக்கார்டிங் சாமானைப் போட்டுக் கொடுத்திருந்தாயே, அந்த தைரியம்தான்.

நீ அதை ப்ளகின் என்கிறாய். எனக்குத் தெரிந்து அவை பெட்டிகள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்றின் தலைமேல் ஏறி உட்காருகிறது, அதை நகர்த்தினால் அடியில் மூன்றாவது இருக்கிறது, பாட்டை ஆரம்பிக்கும் சிவப்புப் பொத்தான் எங்கேயோ நாலாவதன் வயிற்றுக்குக் கீழே. நான் ஒவ்வொன்றாக ஒதுக்கித் திண்டாடிக்கொண்டிருக்கும்போதுதான் ஆறுமுகநயினார் வந்தார். அதுதான் என்னோடு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், இப்போது சொந்தக்காரர்கள் வீட்டுச் சமையலறைகளையெல்லாம் இடித்து வாஸ்து பார்ப்பவர். திரையைப் பார்த்தவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சேஷன் சாரே, இப்படித் தாறுமாறா வச்சா எப்படி விளங்கும்? மேல வடக்குன்னு வச்சுக்கிடுங்க, மேப் மாதிரி" என்று ஆரம்பித்தவர், முள் ஓடிச் சிவப்பாகிற பெட்டியை அக்னி மூலைக்கு அனுப்பினார். எதிரொலி கொடுக்கிற பெட்டி காற்று சம்பந்தப்பட்டதாம், அது வாயு மூலைக்கு. இருப்பதிலேயே கனமாகத் தெரிந்தது எதுவோ அது கன்னி மூலைக்கு. ஈசானத்தை, அதாவது மேலே வலது மூலையை, காலியாக விடச் சொன்னார். அங்கே மூடுகிற பெருக்கல் குறி இருக்கிறதே என்றேன், அதற்குப் பரிகாரமாகத் திரையில் குங்குமம் வைக்கப் பார்த்தார், நான் கையைப் பிடித்துவிட்டேன். கடைசியில் வளைவு வளைவாகக் கோடு போட்ட ஒரு பெட்டி மிஞ்சியது. நடுவில் வைக்கலாம் என்றால் அது பிரம்மஸ்தானமாம், கூடாதாம். "வீட்டுக்கு வெளிய தள்ளிடுங்க" என்றார். நானும் வலது பக்கமாக இழுத்தேன், திரையின் விளிம்பைத் தாண்டிப் போயே போய்விட்டது. சத்தத்தில் அதன் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஜெயா பாடினாள். அவள் பாடியதை நான் எழுத முடியாது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினேன். "வந்துதா?" என்றாள். "வந்துடுத்து" என்றேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டப் போனாள். நான் மூடலாமென்று பெருக்கல் குறியை அமுக்கினால் 'டொங்' என்கிறது. மூடவில்லை. எதை அமுக்கினாலும் 'டொங்'. பாட்டு திரையில் தெரிகிறது, ஆனால் சேவ் ஆகவில்லை, தொட விடவும் மாட்டேன் என்கிறது. உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, மெசேஜ் போட்டேன். நீ என்ன பதில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ அத்திம்பேர்.' அப்பா, ஆஃப் பண்ணினால் பாட்டு போய்விடாதா? உன் அக்கா குரலே ஒருவேளை அதில் மட்டும்தான் மிச்சமோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், நீ ஃபேன் சுவிட்சைச் சொல்கிற மாதிரி சொல்கிறாய்!

கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, 'யாரும் தொடக் கூடாது' என்று காகிதம் ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள என் அக்கா ராஜஸ்ரீ வந்தாள். மறுநாள் ஜெயாவை உள்ளே கொண்டுபோன பிறகு அக்காவிடமிருந்து போன்: "இங்க நல்ல மழை கேட்டியா, கரண்ட் போயிடுத்து." நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே போனில் கத்தினேன். லைட்டை அணை, ஃபேனை அணை, இன்வர்ட்டரில் கம்ப்யூட்டரைத் தவிர வேறொன்றும் ஓடக் கூடாது என்றேன். பாவம், அந்தப் புழுக்கத்தில் விசிறியோடு அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒருத்தி கழுத்தில் கத்தியோடு இருக்க, இந்த மனுஷன் வாசலில் நின்றுகொண்டு இன்வர்ட்டருக்காகக் கத்துகிறானே என்று நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

டாக்டர் வெளியே வந்து, "ஒண்ணும் பேடிக்கண்டா, எல்லாம் நன்னாயிட்டு கழிஞ்ஞு" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஜெயா கண் விழித்து, காற்று மாதிரி ஒரு குரலில் முதலில் கேட்டது: "கேஸ் அடுப்பை மூடினேளா?" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன், கரண்ட் திரும்பி வந்திருந்தது. ஆறுமுகநயினாரும் விசாரிக்க வந்திருந்தார். கம்ப்யூட்டர் அதே 'டொங்'. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கூடத்திலிருந்து அக்கா குரல்: "சேஷா, உன் கம்ப்யூட்டர் இங்க டிவியிலன்னா இருக்கு! ஏதோ கேள்வி கேட்டுண்டு நிக்கறது. நேத்திலேர்ந்தே ரிமோட்ல கை தவறினா இதான் வரது, நான் மாத்தி மாத்தி சீரியலுக்குப் போயிண்டிருக்கேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நீ ஓணத்துக்குப் பெரிதாகப் பார்க்கலாமென்று அறையிலிருந்து கூடத்து டிவிக்கு ஒரு நீள ஒயர் போட்டுவிட்டுப் போனாயே, அதை நான் மறந்தே போயிருந்தேன். கம்ப்யூட்டருக்கு டிவியும் இன்னொரு திரைதானாம், வெளியே தள்ளிய பெட்டி அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில், பாட்டை சேவ் செய்யட்டுமா என்ற கேள்வியும். அதற்குப் பதில் சொல்லாமல்தான் இங்கே எதுவும் அசையவில்லை. டிவியில் பதில் சொல்லலாமென்றால் மவுஸ் அறையில் இருக்கிறது, அதன் ஒயரோ ஒரு முழம். ஆகவே நான் அறையில் மவுஸை நகர்த்த, அக்கா டிவி முன்னால் நின்று வழி சொல்ல, ஆறுமுகநயினார் நடுவில் நிலைப்படியில் நின்று அவள் சொன்னதை எனக்குச் சொன்னார். "வலப்பக்கம்... இன்னும்... ஐயையோ, தாண்டிடுத்து!" "சாரே, தாண்டிட்டாம்!" "யெஸ்ஸுக்கும் நோவுக்கும் நடுவில நிக்கறது, அசையாதே!" "அசையாதீங்க சாரே!" "கொஞ்சம் இடது... இப்போ யெஸ் மேல இருக்கு!" நான் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். "பெட்டி போயிடுத்துடா" என்றாள் அக்கா. திறந்து போட்டுக் கேட்டேன். முழுசாக இருந்தது, ஒரு அட்சரம் குறையவில்லை. ஆறுமுகநயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாஸ்துவின் மகிமை என்றார். அந்த நேரத்தில் அவரை ஒன்றும் சொல்ல மனசு வரவில்லை.

இப்போது எல்லாப் பெட்டியும் ஒரே திரையில், ஒன்றன் கீழ் ஒன்றாக, நான் வைத்தபடி இருக்கின்றன. ஜெயாவுக்கும் குரல் தெளிந்துவிட்டது. நேற்று கீரைக்காரியிடம் பேரம் பேசியது தெருமுனை வரை கேட்டது. நான் உள்ளே நின்று காது குளிரக் கேட்டேன். ஆனாலும் பாட்டை உனக்கு அனுப்புகிறேன். நீ அதைச் சீர்செய்து, கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவா, கைவசம் இருக்கட்டும். அந்த நீள ஒயரையும் உன் கையாலேயே கழற்றிக்கொண்டு போ.

உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும் தீர்க்காயுசும், போனை எடுக்கிற நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

அன்புள்ள அத்திம்பேர்,
சேஷன்

பி.கு.: ஆனந்தா, இது ஜெயா எழுதறேன். உன் அத்திம்பேர் கவரை ஒட்டாம மேஜைமேல வச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கார். ராஜஸ்ரீ அக்கா எனக்கு எல்லாத்தையும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியாச்சு. பென்டிரைவ்ல பாட்டைத் தேடாதே, அதில ஒண்ணும் இல்லை. நேத்து அவர் கடைக்குப் போனப்போ நான் தனியா அதைப் போட்டுக் கேட்டேன். தாளம் சரி, ஸ்ருதி சரி. ஆனா கல்யாணத்துக்குப் பாடற மாதிரியே இல்லைடா, எல்லார்கிட்டயும் சொல்லிண்டு கிளம்பற மாதிரி இருந்தது. அதை என் பொண்ணு ஊஞ்சல்ல உட்கார்ந்துண்டு கேக்க வேண்டாம். கம்ப்யூட்டர்லயும் அழிச்சுட்டேன், இதிலயும் அழிச்சுட்டேன். அவர்கிட்ட இப்போ மூச்சு விடாதே. ஊஞ்சலுக்கு நானே நின்னு பாடுவேன், குரல் கம்மினாலும் கம்மட்டும்.